மணி அடிக்கும் முன்பே வந்துசேரும் எண்

கே.ஜி.கண்டிகையில் ஒரு வங்கிக் கிளை. சென்னைத் தலைமையகத்தோடு அதை இணைக்கும் லீஸ்டு லைன் திடீரென்று அறுந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். கவுண்டரில் பாஸ்புக்கும் கையுமாகக் கூட்டம். அந்த நேரத்தில் கிளையின் ரவுட்டர் தானே சென்னைக்கு போன் போடும். 2000-களில் இந்திய வங்கிகள் பலவும் கைவசம் வைத்திருந்த மாற்று வழி இது: ஐ.எஸ்.டி.என்.

வீட்டு போனுக்கு வரும் அதே செம்புக் கம்பிதான். ஆனால் அதற்குள் மூன்று பாதைகள். தகவலைச் சுமக்க நொடிக்கு 64 கிலோபிட் வீதம் இரண்டு பி சானல்கள். அழைப்பை ஏற்பாடு செய்ய மட்டும் 16 கிலோபிட்டில் ஒரு டி சானல். 64 எங்கிருந்து வந்தது? மனிதக் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் வருவது அது.

எனக்கு வியப்பெல்லாம் அந்தச் சிறிய டி சானல் மேல்தான். ரவுட்டர் அதில் ‘செட்அப்’ என்றொரு செய்தியை அனுப்புகிறது. யாரை அழைக்கிறோம், அழைப்பது எந்த எண், வருவது குரலா தகவலா எல்லாம் அதிலேயே இருக்கும். எக்ஸ்சேஞ்சுகள் வழியே அது சென்னை ரவுட்டருக்குப் போய்ச் சேர்கிறது. சென்னை ரவுட்டர் அழைப்பை எடுக்கும் முன்பே எண்ணைப் படித்துவிடும். தன் பட்டியலில் இல்லாத எண்ணா? 21 என்ற காரண எண்ணோடு திருப்பி அனுப்பிவிடலாம். 21 என்றால் ‘அழைப்பு மறுக்கப்பட்டது’; 17 வந்தால் ‘பிஸி’. இணைப்பே ஏற்படாததால் கட்டணமும் கிடையாது.

இதில் இன்னொரு சாமர்த்தியம் உண்டு. அழைப்பை எடுக்காமல், எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு, சென்னை ரவுட்டரே திரும்ப அழைக்கும்படி செய்யலாம். நாம் மிஸ்டு கால் கொடுத்த அதே கணக்கு, பில் தலைமையகத்துக்கு.

அமெரிக்காவில் பல எக்ஸ்சேஞ்சுகளுக்கு ‘ஸ்பிட்’ என்ற தனி அடையாள எண்ணையும் ரவுட்டரில் கையால் பதிய வேண்டும். ஓர் இலக்கம் தவறினாலும் லைன் உயிர் பெறாது. ஐரோப்பிய முறையில் அந்தத் தொல்லை இல்லை. கருவிக்கு 64 முதல் 126 வரை ஓர் எண்ணை எக்ஸ்சேஞ்சே கொடுத்துவிடும்.

ஜப்பானின் என்.டி.டி. தன் ஐ.எஸ்.டி.என். தகவல் சேவையை 2024 ஜனவரியில் நிறுத்தத் தொடங்கியது. ஆனால் இன்று உங்கள் செல்பேசியில் வரும் வோல்ட்டி அழைப்பிலும், குரலுக்கு முன்னால் தனிச் செய்தி ஒன்றுதான் அழைப்பவரின் எண்ணைக் கொண்டுவருகிறது.