மெதுவா நட, பறக்கலாம்!

பாரிஸுக்கு வந்திறங்கும் சின்னப்பிள்ளை ஸாஸிக்கு ஒரே ஆசை: நிலத்துக்கடியில் ஓடும் மெத்ரோ ரயிலில் ஏற வேண்டும். போய்ப் பார்த்தால் மெத்ரோவில் ஸ்ட்ரைக்! ஸ்ட்ரைக் என்றால் என்னவென்று நம்ம தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மூலையில் உட்கார்ந்து அழுகிற பிள்ளையா ஸாஸி? மாமாவைத் திணறடித்து, துரத்தி வருகிறவனை மூச்சுவாங்க வைத்து, ஊரையே தலைகீழாக்கிவிடுகிறாள்.

ஸாஸியின் இந்தக் கதை ரெமோன் கெனோ 1959இல் எழுதிய நாவல். அடுத்த வருஷமே இயக்குநர் லூயி மால் அதைப் படமாக்கிவிட்டார். கார்ட்டூனில் பூனையும் எலியும் போடும் கூத்தை, நிஜ மனிதரை வைத்து, நிஜப் பாரிஸ் தெருவில்! எப்படி எடுத்தார்கள்? வாங்க, கமெராவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம்.

திரையில் வினாடிக்கு 24 படங்கள் ஓடும். மால் சில காட்சிகளை வினாடிக்கு 12, 8 என்று குறைத்துப் பிடித்தார். 8இல் பிடித்ததை 24இல் ஓட்டினால் தெருவில் போகும் காரும் சனமும் மூன்று மடங்கு வேகத்தில் பறக்கும். ஸாஸியும் மாமாவும் மட்டும் சாதாரணமாக நடந்து போவார்கள்! ரகசியம் இதுதான்: அவர்கள் இருவரும் அதே கணக்கில் மெதுவாக அசைந்து நடித்தார்கள். மாமா வேடத்தில் பிலிப் நுவாரே பெரிய ஆள், சமாளிப்பார். ஸாஸியாக வந்த கத்தரின் தெமோன்ஜோ சிறுமி! துள்ள வேண்டிய வயதில் ஒவ்வோர் அடியையும் எண்ணி எண்ணி வைத்திருக்கிறாள். திரையில் அத்தனை பரபரப்பு. படப்பிடிப்பில் அத்தனை பொறுமை. எனக்குப் பிடித்ததே இதுதான்!

இன்னும் கேளுங்க. கமெராவை நிறுத்தி, ஆளை இடம் மாற்றி, மறுபடி ஓட்டினால் இங்கே நின்ற ஸாஸி கண்சிமிட்டும் நேரத்தில் அங்கே! கடைசிச் சண்டையிலோ உணவகத்தின் அலங்காரமெல்லாம் பிய்ந்து விழ, உள்ளேயிருந்து வேறொரு கடையே முளைக்கிறது.

இந்த மால் நம்ம பக்கமும் வந்தவர். 1968இல் இந்தியாவைச் சுற்றி ஆவணப்படம் எடுத்தபோது மயிலாப்பூர்த் தேரையும், 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பையும் கமெராவில் பிடித்துக்கொண்டார். அடுத்தவர் படத்தின் திரைமறைவையும் எட்டிப் பார்த்த மனுஷன்!

அவர் நம்ம இலங்கை மலையகத்து எல்லவுக்கும் வந்திருந்தால் விட்டிருப்பாரா? பக்கத்துத் தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி வளைந்து, தான் நின்ற ஸ்டேசனுக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைகிறதே, அதைவிடக் கார்ட்டூன் உண்டா?

இனி உங்கள் முறை. எல்லவுக்குப் பக்கத்தில், 1921இல் திறந்த நைன் ஆர்ச் ரயில் பாலத்துக்கு எதிரே, தண்டவாளத்தை விட்டுத் தள்ளி, மேட்டில் நில்லுங்கள். ரயில் பாலத்தில் ஏறியதும் கூட்டாளி மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் நடக்கட்டும். போனில் பிடித்து, பிறகு மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள். பதுளை ரயில் பறக்கும், கூட்டாளி ஆற அமர நடப்பான்! அவன் சிரிக்காமல் நடந்து முடித்தால் போதும். மிச்சச் சிரிப்பைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.