இணைப்பின் கதை – 7: ஒரே சாலையில் இரண்டு கம்பிகள்

1941 டிசம்பரில் வட கெடாவின் ஜித்ராவை ஜப்பானியரிடமிருந்து காக்க நின்ற 11வது இந்திய டிவிஷனிடம் ஆள் இருந்தது, பீரங்கி இருந்தது. ஒருவரோடு ஒருவர் பேச நம்பகமான வழிதான் இல்லை. அடைமழையில் பதுங்கு குழிகள் நிரம்பின. ஊறிப்போன நிலத்தின் மேல் இழுத்திருந்த தொலைபேசிக் கம்பிகளில் பல வேலை செய்யாமல் போயின. டிசம்பர் 12 இரவு பின்வாங்கும் உத்தரவு பிறந்தது. சில படைப்பிரிவுகளுக்கு அது எட்டவே இல்லை. விடிந்த பிறகும் அவை நின்ற இடத்திலேயே நின்றன. எதிரே வந்த ஜப்பானிய முன்னணிப் படையோ எண்ணிக்கையில் மிகச் சிறியது. அந்தப் போரின் சிதறலில் தனித்துப்போனவர்களில் ஒருவர் பஞ்சாப் படைப்பிரிவின் கேப்டன் மோகன் சிங். முதல் இந்திய தேசிய ராணுவத்தை அமைத்தவர் அவர்தான்.

2010 நவம்பரில் அதே வட்டாரத்துக்குத் தண்ணீர் மறுபடி வந்தது, இம்முறை வெள்ளமாக. வட கெடாவும் பெர்லிஸும் மூழ்கின. அலோர் ஸ்டார் விமான நிலையம் மூடப்பட்டது, நெடுஞ்சாலை அறுந்தது, குழாயில் குடிநீர் நின்றது. அன்று கையில் ரொக்கம் வைத்திருந்தவர் கடை திறந்திருந்தால் அரிசி வாங்கிவிட முடிந்தது. இன்று ஜித்ரா கடைத்தெருவில் காசு பெரும்பாலும் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழக மாணவரின் பாடம், புக்கிட் காயு ஈத்தாம் எல்லையில் லாரிக்காரரின் சரக்குப் பத்திரம், தோட்டத்துப் பிள்ளையின் உதவித்தொகை விண்ணப்பம் எல்லாமே 'லைன்' இருந்தால்தான் நகரும்.

இந்த லைனை ஆளும் சட்டம் 1998இல் வந்த தொடர்பு, பல்லூடகச் சட்டம். கோபுரமும் கம்பியும் வைத்திருப்பவர், அவற்றில் அலைவரிசைச் சேவை நடத்துபவர், அதன் மேல் செயலிச் சேவை தருபவர், உள்ளடக்கம் தருபவர் என்று நான்கு வகை உரிமங்களாக அது பிரித்தது. தொலைநோக்கான ஏற்பாடு இது. ஒருவர் எழுப்பிய கோபுரத்தில் பலர் சேவை நடத்த வழி திறந்தது. லாபம் வராத ஊர்களுக்காக நிறுவனங்களின் நிகர வருமானத்திலிருந்து 6 விழுக்காடு பொதுச்சேவை நிதிக்குப் போகிறது. 2020இல் தொடங்கிய ஜெண்டேலா திட்டம், மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி எட்டும் அளவை 91.8லிருந்து 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்த இலக்கு வைத்தது. 2021 கடைசியில் 3ஜி அணைக்கப்பட்டது.

5ஜிக்கு முதலில் ஒரே வலையமைப்பு போதும் என்றார்கள். அதை அமைக்க டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் என்ற நிறுவனம் 2021இல் பிறந்தது. பிறகு ஒன்றை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்ற வாதம் வென்றது. 2024 நவம்பரில் இரண்டாவது வலையமைப்புக்கு யூ மொபைல் நிறுவனம் தேர்வானது.

வாதம் சரியானதே. ஆனால் இரண்டு வலையமைப்பு என்று பெயரளவில் எண்ணிவிட்டால் போதாது. கோபுரம் காற்றில் பேசுவது பெரும்பாலும் கைத்தொலைபேசியோடுதான். அதற்குப் பின்னால் தரவு பெரும்பாலும் மண்ணுக்கடியில் கண்ணாடி இழையில் ஓடுகிறது. இரண்டு நிறுவனங்களின் இழையும் ஒரே சாலையோரப் பள்ளத்தில் போனால், ஒரே வெள்ளமோ ஒரே மண் தோண்டும் இயந்திரமோ இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். மின்சாரம் போனால் கோபுரத்து பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். வாடிக்கையாளர் கையில் இரண்டு சிம் இருக்கும். இரண்டிலும் சிக்னல் இருக்காது. வேகத்தைப் பற்றிய விளம்பரங்களில் இந்த விஷயம் வருவதே இல்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை. ஜித்ரா போன்ற தாழ்நிலத்தில் 5ஜி எத்தனை வேகம் என்பதைவிட, சாலை மூழ்கிய மூன்றாம் நாள் ஒரு கர்ப்பிணி ஆம்புலன்ஸை அழைக்க முடியுமா என்பதே முக்கியம்.

ஜித்ரா இருக்கும் குபாங் பாசு மாவட்டத்தில் எந்தெந்தக் கோபுரத்துக்கு மாற்றுப் பாதை உண்டு, எதற்கு ஜெனரேட்டர் உண்டு, எது பள்ளத்தில் நிற்கிறது என்ற பட்டியலைத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நிறுவனங்களிடம் வாங்கி, மழைக்காலத்துக்கு முன்பே மாவட்ட அலுவலகத்தின் கையில் கொடுக்க வேண்டும். மாற்றுப் பாதை போடும் செலவைப் பொதுச்சேவை நிதியிலிருந்து எடுக்கலாம். தொகுதி உறுப்பினரைச் சந்திக்கும்போது நீங்களும் இதைக் கேளுங்கள்.

(தொடரும்)