தூக்கமும் அல்ல, வாளும் அல்ல



"சாமி, எல்லாவற்றையும் ஆண்டவர் பாதத்தில் ஒப்படைத்துவிட்டேன். ஆனாலும் மனம் அடங்கமாட்டேன் என்கிறது. எனக்கு விசுவாசம் போதவில்லையா?" பங்குகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. நோயாளியைச் சந்திக்கப் போகும் இடத்தில் எழுகிறது. தவக்காலம் முழுவதும் குடியைத் தொடாமல் இருந்து, பாஸ்கா முடிந்த வாரத்தில் மறுபடி விழுந்துவிட்டவரின் வீட்டிலும் எழுகிறது. குருக்களாகிய நாங்களும் செபம் வறண்டுபோன நாள்களில் இதே கேள்வியை எங்களிடமே கேட்டுக்கொள்கிறோம்.

இந்தக் கேள்விக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. கடவுளிடம் சரணடைந்துவிட்டால் போராட்டம் நின்றுவிடும்; நிற்காவிட்டால் நாம் உண்மையாகச் சரணடையவில்லை என்பதே அந்த எண்ணம். இது சரிதானா? கெத்சமனித் தோட்டத்திற்குச் சென்று பார்ப்போம்.

கெத்சமனி என்றால் எண்ணெய்ச் செக்கு என்று பொருள். ஒலிவப் பழங்கள் பிழியப்பட்ட அந்த இடத்தில் அன்றிரவு ஆண்டவரின் உள்ளம் பிழியப்பட்டது. அவர் தரையில் விழுந்து மன்றாடினார். துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டும் என்று கேட்க அவர் தயங்கவில்லை. கேட்டுவிட்டு, தம் விருப்பம் அல்ல, தந்தையின் விருப்பமே நிறைவேறட்டும் என்றார். ஒருமுறை சொல்லி எழுந்துவிட்டாரா? இல்லை. மும்முறை போய் மன்றாடினார். இறைமகனே மூன்றுமுறை சொல்ல வேண்டியிருந்த ஒன்றை, நாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட எண்ணுகிறோம்!

மத்தேயு எழுதியிருப்பதைக் கவனித்து வாசித்தால் இன்னொன்றும் தெரியும். முதல் மன்றாட்டில், இயலுமானால் கிண்ணம் அகலட்டும் என்கிறார் ஆண்டவர். இரண்டாவதில், குடித்தால் அன்றி அது அகல முடியாது என்றால் தந்தையின் விருப்பப்படியே ஆகட்டும் என்கிறார். சூழ்நிலை மாறவில்லை. ஆனால் செபம் ஓர் அடி முன்னேறியிருக்கிறது. வானதூதர் தோன்றி அவரை வலுப்படுத்தினார் என்று சொல்லும் லூக்கா, அதன் பிறகுதான் அவர் இன்னும் உருக்கமாக மன்றாடினார், வியர்வை இரத்தத் துளிகள்போல விழுந்தது என்கிறார். தூதர் கிண்ணத்தை எடுத்துச் செல்ல வரவில்லை. அதை ஏந்த வலிமை கொடுக்கவே வந்தார்.

இப்போது சற்றுத் தள்ளி இருந்த பேதுருவைப் பார்ப்போம். விழித்திருந்து செபிக்கச் சொன்னபோது அவர் தூங்கினார். சீடர்கள் துயரத்தால் சோர்ந்து தூங்கினார்கள் என்று லூக்கா இரக்கத்தோடு எழுதுகிறார். பிறகு படைவீரர் வந்ததும் அதே பேதுரு வாளை உருவினார். செபிக்க வேண்டிய நேரத்தில் தூக்கம், செபிக்காததால் கையில் வாள். நம் வாழ்க்கையும் பல வேளைகளில் இந்த இரண்டுக்கும் நடுவே அல்லாடுகிறது.

தூங்குவது எப்படி? எல்லாவற்றுக்கும் "கடவுள் சித்தம்" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வது. சிகிச்சைக்குப் போக வேண்டியவர் போகாமல் இருப்பது, கணவனிடம் அடிபடும் பெண்ணிடம் "இதுதான் உன் சிலுவை, பொறுத்துக்கொள்" என்று நாமே சொல்லி அனுப்புவது, இவையெல்லாம் சரணடைதல் ஆகா. ஆண்டவர் தந்தையிடம் சரணடைந்தார், தீமையிடம் அல்ல.

வாளை உருவுவது எப்படி? எல்லாவற்றையும் நம் பலத்தால் சாதித்துவிடத் துடிப்பது. சில நேரம் செபத்தையே வாளாக்கிவிடுகிறோம். ஒன்பது நாள் நவநாள் முடித்தோம், உபவாசம் இருந்தோம், இனி கடவுள் கொடுத்தே ஆக வேண்டும் என்று நிற்கிறோம். கிடைக்காவிட்டால் கோயில் பக்கமே வருவதில்லை.

இதை நன்றாக அறிந்தவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். 1521ஆம் ஆண்டு பாம்பலோனாவில் பீரங்கிக் குண்டு அவருடைய காலைச் சிதைத்தது. மனம் திரும்பிய அவர், 1522 மார்ச் மாதம் மொன்செராத் அன்னையின் பீடத்தின் முன் இரவெல்லாம் விழித்திருந்து, தம் வாளை அங்கேயே விட்டுச் சென்றார். இரும்பு வாளை ஓரிரவில் விட்டுவிட்டார். உள்ளத்தில் இருந்த வாளை விட மாதங்கள் ஆயின.

அடுத்துத் தங்கிய மன்ரேசாவில், நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்தார். ஆனாலும் அறிக்கையிட்ட பாவங்களே திரும்பத் திரும்ப வந்து வதைத்தன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட எழுந்தது. கடவுள் அமைதி தரும்வரை உண்ணமாட்டேன் என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். அவருடைய ஆன்மகுரு, நோன்பை முடித்துச் சாப்பிடும்படி கட்டளையிட்டார். இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்தார். அந்த ஒரு கவளம் உணவில்தான் உண்மையான சரணடைதல் இருந்தது. அப்போதும் வேதனை உடனே ஒழியவில்லை. இரண்டு நாள் விலகி, மறுபடி வந்து, பிறகுதான் இறை இரக்கத்தால் நீங்கியது.

இந்த அனுபவத்திலிருந்து, ஆன்மீகப் பயிற்சிகள் நூலில் அவர் நமக்கு ஓர் அறிவுரையை விட்டுச் சென்றார். உள்ளம் வறண்டு இருண்டிருக்கும் காலத்தில், முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் செபத்தைக் குறைக்காமல் சற்றே கூட்டுங்கள். வேதனையை மறைத்து வைக்காமல், புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரிடம் திறந்து சொல்லுங்கள். மறைத்து வைக்கும்வரைதான் சோதனைக்குப் பலம்.

அன்புக்குரியவர்களே, நேற்று ஒப்படைத்ததை இன்று திரும்ப எடுத்துக்கொண்டோமா? இன்று மறுபடி ஒப்படைப்போம். நாளையும் அதே வார்த்தைகளைச் சொல்ல வேண்டி வந்தால், ஆண்டவரும் அப்படித்தான் செபித்தார் என்பதை நினைத்துக்கொள்வோம். ஒவ்வொரு திருப்பலியிலும் அப்பமும் இரசமும் புதிதாக ஒப்புக்கொடுக்கப்படுகின்றன. அவற்றோடு நம் போராட்டத்தையும் பீடத்தில் வைக்கலாம். மூன்றாம் முறை செபித்து எழுந்த ஆண்டவர், தம்மைப் பிடிக்க வந்தவர்கள் முன் தாமே சென்று நின்றார். அந்தத் துணிவு முழந்தாளில் பிறந்தது.

செபிப்போம்: ஆண்டவரே, எங்கள் தூக்கத்திலிருந்து எங்களை எழுப்பும். எங்கள் வாளை உறையில் போடச் செய்யும். கிண்ணம் அகலாத நாள்களில், அதை ஏந்தும் கைகளுக்கு உமது வலிமையைத் தாரும். ஆமென்.