லோகோவில் நின்றுபோன போன்

இரவு பத்தரை மணிக்கு எதிர்வீட்டுக் கல்லூரி மாணவன் கதவைத் தட்டினான். அவன் கையிலிருந்த போனில் நிறுவனத்தின் லோகோ தோன்றியது, அணைந்தது, மறுபடி தோன்றியது. நிறுவனம் அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்ட பழைய போன் அது. கஸ்டம் ரோம், அதாவது நிறுவனம் தராத வேறு இயங்குதளம், ஏற்றினால் இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "டெட் ஆயிடுச்சுண்ணா" என்றான். லோகோ காட்டுகிற போன் சாகவில்லை, காலையில் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அவனுக்குக் காலைவரை பொறுக்கவில்லை. மீடியாடெக் சிப் போன்களுக்கான ஃப்ளாஷ் டூலை இறக்கி, அதில் 'ஃபார்மேட் ஆல்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டான். விடிந்தபோது போன் திறந்தது, சிக்னல் மட்டும் இல்லை. அந்த ஒரு தேர்வு, போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. இருந்த பகுதியையும் துடைத்திருந்தது. அதே திரையில் இருந்த 'டவுன்லோட் ஒன்லி'யைத் தொட்டிருந்தால் அந்தப் பகுதிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இப்படி வந்த போன்கள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். முதலில் நடந்த தவறைப் பெரும்பாலும் சரிசெய்துவிட முடிகிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் பதறிப்போய்ச் செய்வதுதான் போனை முடித்துவிடுகிறது. ஆகவே முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கேபிளைக் கழற்றுங்கள். போனில் என்ன தெரிகிறது, கடைசியாக எந்த ஃபைலை ஏற்றினீர்கள், திரையில் வந்த பிழைச் செய்தி என்ன என்பதை ஒரு தாளில் எழுதுங்கள்.

லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருப்பதை பூட்லூப் என்பார்கள். பழைய சிஸ்டம் விட்டுப்போன டேட்டாவைப் புதிய ரோமால் படிக்க முடியாமல் போவது இதற்கு அடிக்கடி காண்கிற காரணம். பவர் பட்டனோடு வால்யூம் கூட்டும் பட்டனைச் சேர்த்து அழுத்தினால் பல போன்களில் ரெக்கவரி எனும் மீட்புத் திரை வரும். அங்கே டேட்டாவை ஃபார்மேட் செய்து ரோமைத் திரும்ப ஏற்றினால் பலருக்குப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். ரெக்கவரியும் வரவில்லையா? பவர் பட்டனை வால்யூம் குறைக்கும் பட்டனோடு அழுத்தி, கணினியிலிருந்து மென்பொருள் ஏற்ற உதவும் ஃபாஸ்ட்பூட் நிலைக்குப் போகலாம். ஃபாஸ்ட்பூட் வந்தால், நிறுவனத்தின் அசல் ஃபைலை வைத்து மீட்க வழி இருக்கிறது. பிக்சல் போன்களுக்கு கூகுளே அசல் ஃபைல்களை வெளியிட்டு வைத்திருக்கிறது. சாம்சங்கில் ஃபாஸ்ட்பூட்டுக்குப் பதிலாக டவுன்லோட் மோட், ஓடின் மென்பொருள்.

திரை முழுக்க இருட்டாக இருந்தாலும் உடனே முடிவுகட்ட வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் சார்ஜில் போடுங்கள். பிறகு கணினியில் இணைத்துப் பாருங்கள். குவால்காம் சிப் உள்ள போன் 9008 என்ற எண்ணோடு சாதனப் பட்டியலில் தெரிந்தால், அது இ.டி.எல். எனும் அவசர நிலையில் உயிரோடு இருக்கிறது. இதற்குமேல் நாமாகச் செய்யக் கூடாது, சர்வீஸ் சென்டர்தான். சில நிறுவனங்களின் போன்களில் இந்த நிலையில் மென்பொருள் ஏற்ற நிறுவனம் அனுமதித்த கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை வாடகைக்குத் தருவதாக டெலிகிராமில் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பணம் போன பிறகு ஆளைக் காணோம் என்றால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள், சைபர் குற்ற உதவி எண் அதுதான்.

எதனால் தவறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் போன் ஒன்றாக இருக்காது. ரெட்மி நோட் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் சீனாவில் மீடியாடெக் சிப்போடு வந்தது, 2017 ஜனவரியில் இந்தியாவுக்கு ஸ்னாப்டிராகன் 625-ஓடு வந்தது. முதலாவதன் குறிப்பெயர் நிக்கல், இரண்டாவதன் குறிப்பெயர் மிடோ. ஒன்றின் ஃபைல் மற்றொன்றுக்கு ஆகாது. ஆகவே பெட்டியில் உள்ள பெயரை நம்பாமல் குறிப்பெயரைப் பார்த்து ஃபைல் எடுங்கள்.

இன்னொரு கண்ணி, பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் பூட்டு. 2018-ல் ரெட்மி நோட் 5 ப்ரோவுக்கு வந்த ஓர் அப்டேட்டில் அது சேர்ந்தது. அதன் பிறகு முந்தைய அசல் மென்பொருளை ஏற்றியவர்களின் போன்கள் எழவே இல்லை. நிறுவனத்தின் சொந்த ஃபைல்தானே, என்ன ஆகிவிடும் என்று நம்பியவர்கள் அவர்கள். அதேபோல், ஷாவ்மியின் மி ஃப்ளாஷ் கருவியைத் திறந்தால் 'துடைத்துவிட்டுப் பூட்டு' என்ற தேர்வு முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கும். வேறு நாட்டுக்கான ரோமை ஏற்றிவிட்டு, எந்த மென்பொருள் ஓடலாம் என்று சோதிக்கும் பூட்லோடரைப் பூட்டினால், போன் அந்த ரோமை ஏற்க மறுத்து அப்படியே நின்றுவிடும். எந்த நிறுவனத்தின் போனாக இருந்தாலும், அந்தப் போனுக்கே உரிய அசல் மென்பொருள் நன்றாக ஓடுவதைப் பார்க்கும்வரை பூட்லோடரைப் பூட்டாதீர்கள்.

போட்டோக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அழுகை வருவது அங்கேதான். பூட்லோடரைத் திறக்கும்போதே போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். ஆண்ட்ராய்டு 10-ஓடு வெளிவந்த போன்களிலிருந்து எல்லாவற்றிலும் தரவு மறையாக்கம் கட்டாயம். அழிக்கும்போது அதன் சாவியும் சேர்ந்து போய்விடுவதால், "எல்லா போட்டோவையும் எடுத்துத் தருகிறேன்" என்று முன்பணம் கேட்கும் கடைக்காரரை நம்பாதீர்கள். எல்லாம் சரியாக நடந்தாலும்கூடச் சில இழப்புகள் உண்டு. கூகுளின் பாதுகாப்புச் சோதனையில் தேறாததால் வங்கிச் செயலிகள் சில திறக்காது. சாம்சங்கில் நாக்ஸ் என்ற உள் உருகி ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான், அசல் மென்பொருளுக்குத் திரும்பினாலும் செக்யூர் ஃபோல்டர் வராது.

இனி உரிமைகள். உங்கள் சொந்தப் போனில் வேறு இயங்குதளம் ஏற்றுவது குற்றமில்லை. நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ அப்டேட் பாதியில் நின்று, வாரண்டி காலத்தில் போன் முடங்கினால், சரிசெய்து தருவது அவர்கள் பொறுப்பு. பூட்லோடரை நீங்களே திறந்திருந்தால் நிலைமை வேறு. வாரண்டி விதிகளைக் காட்டி மறுப்பார்கள், மென்பொருள் கோளாறுக்கு அந்த மறுப்பு செல்லக்கூடும். ஆனால் மென்பொருளுக்குத் தொடர்பே இல்லாத சார்ஜிங் ஜாக் பழுதுக்கும் அதையே சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த எழுத்தை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், தமிழிலேயே பேசலாம். சர்வீஸ் சென்டரில் செய்ததை மறைக்க வேண்டாம். போன் காட்டிக்கொடுத்துவிடும், உங்கள் நியாயமான கோரிக்கையும் அதோடு பலமிழந்துபோகும்.

காசு கொடுத்துக் கடையில் ஃப்ளாஷ் செய்தால் நீங்கள் நுகர்வோர், அவர் சேவை வழங்குபவர். அவர் கைப்பிழையால் போன் கெட்டால் அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. ரசீது தர மறுப்பதையே அச்சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வழக்காடலாம், இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனு போடலாம்.

எதிர்வீட்டுப் பையன் ஒரு கடையில் கொடுத்து சிக்னலை வரவழைத்துவிட்டான். ரசீது இல்லை. ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் காண நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்திப் பார்த்தோம். திரையில் வந்த எண்ணும் பெட்டியில் இருந்த எண்ணும் வேறு வேறு. யாருடைய எண்ணோ அவன் போனில் உட்கார்ந்திருந்தது. அந்த எண்ணின் சொந்தக்காரர் போன் தொலைந்ததென்று அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கினால் இவன் போனும் முடங்கும். அந்த எண்ணில் ஏதாவது குற்றம் நடந்திருந்தால் போலீஸ் இவன் வீட்டுக்கு வரும். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் திருத்துவதற்கு 3 ஆண்டுவரை சிறை, 50 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். திருத்தப்பட்டது என்று தெரிந்தே அந்தப் போனை வைத்திருப்பவருக்கும் இதே தண்டனைதான். மறுநாளே பெட்டியையும் பில்லையும் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு அவனை அழைத்துப்போனேன்.

கடையிலிருந்து போன் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சரிபாருங்கள். என்ன வேலை செய்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஆணையத்தில் முறையிட, குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.