மாரி முடியட்டும்: கிட்டங்கிப் பக்கம் கெண்டைக்குக் காத்திருப்போர்

நற்பிட்டிமுனையிலிருந்து மேற்கே கிட்டங்கிக்குப் போகும் வீதி ஒவ்வொரு மாரியிலும் செய்தியாகிறது. தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். நாவிதன்வெளிப் பக்கத்தார் கல்முனைக்கு வர வழியில்லாமல் நிற்பார்கள். ஆற்றுவாழை கூட்டங்கூட்டமாக மிதந்து வந்து அடைத்துக்கொள்ளும். இந்தச் செய்திகளோடு வரும் புகைப்படங்களை உற்றுப் பார்த்தால், ஓரத்தில் பெரும்பாலும் ஒரு மனிதர் நிற்பார். கையில் தூண்டிலோ வீச்சுவலையோ இருக்கும்.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதல்ல. அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வீட்டில் இருக்கும் இன்னொரு வகை ஆளைப் பற்றியது. கார்த்திகையில் தூண்டிலைத் துடைத்துக் கட்டி வீட்டுக் கூரையில் செருகிவிட்டு, மாசி, பங்குனி வரை வெளியே எடுக்காத ஆள். ரோகு, கட்லா, மிரிகால், சாதாக் கெண்டை என்று நாம் மொத்தமாகக் ‘கெண்டை’ என்று சொல்லும் மீன்களைத் தூண்டிலில் பிடிப்பதில் பித்துப் பிடித்தவர். எங்கள் கரையில் இப்படிப்பட்டவர்கள் அதிகம் இல்லை. கடல் இருக்கும் ஊரில் குளத்து மீனுக்காக மூன்று மணித்தியாலம் அசையாமல் குந்தியிருப்பவரைக் கொஞ்சம் வினோதமாகத்தான் பார்ப்பார்கள்.

இங்கிலாந்தில் இந்தப் பித்து ஒரு பெரிய வியாபாரம். அங்கே ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை நன்னீர் மீன்களுக்குத் தூண்டில் போடச் சட்டம் தடை விதிக்கிறது. மீன் முட்டையிடும் காலம் என்பது காரணம். குளிர்காலத்துக்குச் சட்டம் தேவையில்லை. தண்ணீர் பத்துப் பாகைக்குக் கீழே போனதும் கெண்டை சாப்பிடுவதையே ஏறக்குறைய நிறுத்திவிடும். ஆகவே அங்குள்ள தூண்டில்காரருக்கு ஓய்வுகாலம் என்றால் குளிர், திரும்பி வரும் காலம் வசந்தம்.

நமக்கு வசந்தம் இல்லை. குளத்துத் தண்ணீர் மார்கழியில்கூடக் கெண்டையைப் பட்டினி போடும் அளவுக்குக் குளிர்வதில்லை. அப்படியானால் எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

வெள்ளத்தில் மீன் எங்கே போகிறது

மாரியில் மீன் சாப்பிடாமல் இல்லை. அளவுக்கு மிஞ்சிச் சாப்பிடுகிறது என்பதுதான் சிக்கல். வாடைக்காற்றோடு மழை கொட்டி ஆறும் குளமும் வயலும் ஒன்றாகும்போது, முன்பு ஒரு பள்ளத்துக்குள் கிடந்த மீன் நூறு மடங்கு பரப்பில் கலைந்துவிடுகிறது. வயலிலிருந்து அடித்து வரும் புழு, பூச்சி, நெல், அழுகிய செடி எல்லாம் அதற்கு விருந்து. அந்த விருந்துக்கு நடுவில் நாம் தூக்கிப் போடும் ஒரு உருண்டை மாவைத் தேடிவர அதற்கு என்ன அவசியம்? போதாததற்கு அடியில் குப்பை, மேலே ஆற்றுவாழை. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு முள் போகும்.

விராலுக்கும் சுங்கானுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவை ஆழமில்லாத கலங்கல் தண்ணீரிலும் வாய்க்காலிலும் தாராளமாகப் பிடிபடும். அதனால்தான் தாம்போதியில் ஆட்கள் நிற்கிறார்கள். கடல் கொந்தளித்துக் கடல்மீன் விலை ஏறும் மாதங்களில் ஒரு பை நன்னீர் மீன் ஒரு வீட்டின் இரண்டு நாள் கறி என்பதையும் மறக்கக்கூடாது. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவர், வயிற்றுக்கு வலை வீசுபவருக்குப் புத்தி சொல்ல முடியாது.

ஆனாலும் அந்த இடம் ஆபத்தானது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதை இந்தப் பிரதேசத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீதியில் முழங்கால் அளவே தெரியும் தண்ணீர், விளிம்பில் கால் வைத்ததும் ஆளைத் தூக்கிவிடும். முதலைகளும் அந்த நாட்களில் தங்கள் வழக்கமான இடத்தில் இருப்பதில்லை.

தண்ணீர் வற்றத் தொடங்கும்போதுதான் கெண்டைக்காரரின் காலம் பிறக்கிறது. பெரும்போக அறுவடை நடக்கும் தை, மாசியில் ஆறு தன் வாய்க்குள் திரும்புகிறது. கலங்கல் படிகிறது. வெயில் பட்டதும் நீரில் நுண்பாசி பெருகித் தண்ணீர் இளம்பச்சையாகிறது. பரந்து கிடந்த மீன் பழைய பள்ளங்களுக்குள் ஒடுங்குகிறது, இலவச விருந்தும் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து சித்திரை, வைகாசி வரை நல்ல காலம். கச்சான் காற்று அடித்துக் குளம் சுண்டிப்போனால் சூடு கூடி, நீரில் கரைந்த ஒட்சிசன் குறைந்து, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்போது தூண்டில் போட்டால் மீனுக்கும் சுகமில்லை, நமக்கும் சுகமில்லை.

யாரோ விட்ட மீன்

இந்தக் கெண்டைகளில் ஒன்றுகூட நம் நாட்டு மீன் அல்ல என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். சாதாக் கெண்டை 1915இல் ஐரோப்பாவிலிருந்து இலங்கைக்கு வந்தது. இந்தியாவின் ரோகுவும் மிரிகாலும் 1980களின் தொடக்கத்தில் வந்தன. புல்கெண்டை, பெருந்தலைக் கெண்டை போன்றவை சீனாவைச் சேர்ந்தவை. 1952இல் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் வெளிநாட்டு மீன்தான். ஆனால் அது எந்தக் குட்டையிலும் தானாகப் பெருகிக் குடியுரிமை வாங்கிவிட்டது. ரோகுவும் கட்லாவும் அப்படியல்ல.

அவற்றின் தாய்மண் கங்கைச் சமவெளி. பருவமழையில் ஆறு பெருகிக் கரை புரளும்போதுதான் அங்கே அவை முட்டையிடுகின்றன. குளத்தில், தேங்கிய நீரில், முட்டை முற்றினாலும் வெளியே வருவதில்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவர் இந்திய விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி. 1957 ஜூலை 10ஆம் திகதி, ஒடிசாவில், கெண்டைக்குப் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியால் ஏற்றி முட்டையிட வைத்தார். இந்தியா இன்றும் அந்தத் திகதியை மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறது. நமது மாவட்டத்தின் இங்கினியாகலையில் இயங்கும் மீன்குஞ்சு நிலையம் உட்பட, கெண்டைக் குஞ்சு உற்பத்தி செய்யும் இடங்கள் எல்லாம் அந்த ஊசியின் வழி வந்தவைதான்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. மாரி வெள்ளம் நமக்கு ஓய்வுகாலம். கெண்டைக்கோ இரத்தத்தில் ஊறிய கல்யாண காலம். அதனால்தான் குளம் வான் பாயும்போது அது ஓட்டத்தை நோக்கி இழுபடுகிறது. கலிங்கின் வழியாக வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கிட்டங்கியில் பிடிபடும் கெண்டை இப்படி மேலே ஏதோ ஒரு குளத்திலிருந்து தப்பி வந்ததாகவே இருக்கும். அது கீழே மட்டக்களப்பு வாவியின் உவர் நீர் வரை போய், பெரும்பாலும் வாரிசு இல்லாமலே முடிந்துவிடும்.

இதன் பொருள் எளிது. நமது தூண்டிலில் ஏறும் ஒவ்வொரு ரோகுவும் யாரோ காசு கொடுத்து விட்ட மீன். அநேகமாக நக்டா என்று நாம் அழைக்கும் தேசிய நீரியல் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் அந்தக் குளத்து நன்னீர் மீனவர் சங்கமும் சேர்ந்து விட்டது. மழைக்குப் பின் குளம் நிரம்பியதும் விரல் நீளக் குஞ்சுகளை விடுவார்கள். பருவகாலக் குளங்களில் ஆறேழு மாதத்தில், நீர் வற்றும்போது, அறுவடை.

யாரும் விடாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. 1990இல் அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவைத் திடீரென நிறுத்தியது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற மத ரீதியான அழுத்தமே பின்னணி. குஞ்சு நிலையங்கள் ஓய்ந்தன. 1994இல் கொள்கை மாறும்வரை குளங்களில் திலாப்பியா தாக்குப்பிடித்தது, கெண்டை தாக்குப்பிடிக்கவில்லை. நக்டாவை உருவாக்கிய சட்டம் 1998இல்தான் வந்தது. யுத்தத்தின் நடுவே இருந்த நமது கிழக்கில் பல குளங்களுக்குக் குஞ்சு போய்ச் சேர அதற்குப் பிறகும் காலம் எடுத்தது.

ஆகவே ஓய்வுகாலத்தில் ஒரு தூண்டில்காரர் செய்ய வேண்டிய முதல் வேலை முள் வாங்குவதல்ல. தான் போகும் குளத்தின் மீனவர் சங்கத்தில் யாரையாவது சந்தித்து இரண்டு கேள்வி கேட்பது: இந்த முறை என்ன குஞ்சு, எப்போது விட்டீர்கள்? நான் தூண்டில் போட்டால் உங்களுக்கு ஆட்சேபனையா? முதல் கேள்வி மீன் பிடிக்க உதவும். இரண்டாவது சண்டையைத் தவிர்க்கும். ஒரு தோணியையும் நாலு வலையையும் நம்பி வாழும் ஆளின் முதலீட்டை நாம் பொழுதுபோக்காகத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்ற எண்ணம் அவருக்கு வராமல் இருப்பது நல்லது. சேனாநாயக்க சமுத்திரத்தைப் பொறுத்தவரை, அது கல்லோயா தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. அங்கே நினைத்த நேரம் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

கூரையிலிருந்து இறக்கும் நாள்

என்ன குஞ்சு விட்டார்கள் என்ற கேள்விக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? ஒவ்வொரு கெண்டையின் வாயும் ஒவ்வொரு மாதிரி. கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும். அது நீரின் மேல்தட்டில் மேய்கிறது. ரோகு இடைத்தட்டு. மிரிகால் சேற்றைத் துழாவும். சாதாக் கெண்டையும் அடிமீன்தான்; மேலுதட்டு மீசையால் தடவிப் பார்த்து, வாயைக் குழாய்போல நீட்டி உறிஞ்சும். பிடிக்காவிட்டால் நொடியில் துப்பிவிடும். கட்லா விட்ட குளத்தில் ஈயத்தைக் கட்டி இரையை அடியில் போட்டுக் காத்திருப்பது, மாடிவீட்டில் இருப்பவரைத் தேடிக் கிணற்றுக்குள் கூப்பிடுவது மாதிரி.

அந்தத் துப்பும் பழக்கத்துக்கு 1980 அளவில் இங்கிலாந்தில் லென் மிடில்டன், கெவின் மடொக்ஸ் என்ற இரு தூண்டில்காரர்கள் ஒரு மாற்று வழி கண்டார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்கும் ஒரு முடியில் கட்டினார்கள். ஆரம்பத்தில் உண்மையான தலைமுடியே பயன்பட்டது. மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் முள்ளும் கூடவே உள்ளே போகும், துப்பும்போது உதட்டில் ஏறும். இன்று உலகம் முழுதும் கெண்டைத் தூண்டில் இதுதான். நமக்கு இதற்கென்று எதுவும் வாங்கத் தேவையில்லை. மெல்லிய நூல் துண்டும், ஊறவைத்து அவித்த சோளமணி இரண்டும் போதும்.

இரையைப் பொறுத்தவரை நம்மவர் ஏற்கெனவே கெட்டிக்காரர். தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, கொஞ்சம் கோதுமை மா. பிசைந்து உருட்டினால் கெண்டைக்கு அதுவே பிரியாணி. நான் பார்த்த அளவில் பலர் விடும் தவறு, உருண்டையை இறுக்கிப் பிடிப்பது. கரையாத உருண்டை மணம் விடாது. ஒரே இடத்தில் மூன்று நாள் தொடர்ந்து ஒரு சிரட்டை இரை போட்டுவிட்டு நான்காம் நாள் தூண்டிலோடு போவது பழைய வழி, வங்காளத்துக் குளக்கரைகளிலும் இதே முறைதான். ஒரு சிரட்டை என்றால் ஒரு சிரட்டைதான். கிலோக்கணக்கில் கொட்டினால் மிச்சம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

கூரையில் செருகிய தங்கூசி மூன்று மாதம் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்திருக்கும். பார்வைக்குப் புதிதாகவே தெரியும். இரண்டு முழம் எடுத்துக் கையில் சுற்றி இழுத்துப் பாருங்கள்; பட்டென்று அறுந்தால் முழுவதையும் மாற்றிவிடுங்கள். பன்னிரண்டு றாத்தல் தாங்கும் தங்கூசி இங்கே தாராளம். முடிச்சை இறுக்கும்முன் எச்சில் தொட்டு நனைப்பது மூடநம்பிக்கை அல்ல, உராய்வுச் சூட்டில் நைலோன் பலமிழப்பதைத் தடுக்கும் வழி. பழைய தங்கூசியைக் கரையில் எறியாதீர்கள். கொக்கும் நீர்க்காகமும் ஆமையும் அதில் சிக்கிச் சாவதைக் குளக்கரையில் நிற்பவர்கள் எல்லோரும் கண்டிருக்கிறார்கள்.

நேரம் பற்றியும் ஒரு சொல். சுபஹு தொழுதுவிட்டு இருட்டோடு ஓடுவது வழக்கம். தெளிந்த ஆற்றுக்கு அது சரி. கடும்பச்சையான குளத்தில் பாசியே இரவெல்லாம் ஒட்சிசனைக் குடித்துவிடுவதால் விடியும்போதுதான் மீன் மிகச் சோர்ந்திருக்கும். எட்டு மணி வெயில் விழுந்த பிறகு போனாலும் எதுவும் குறையாது. மாலையில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் எங்கும் நல்லது. குளக்கட்டில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தாதீர்கள். கெண்டை இனத்துக்கு நீந்துபையையும் உட்செவியையும் இணைக்கும் சிறு எலும்புத் தொடர் உண்டு. நமது பேச்சை விட நிலத்தின் அதிர்வு அதற்கு விரைவில் எட்டும்.

வெள்ளம் வற்றிய சேற்றில் இறங்குபவர்களுக்கு இன்னொரு கவலை எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக உள்ளே போனால் போதும். சிறுநீரகம் வரை பாதிக்கும். வயல் வேலை செய்பவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை தரும் தடுப்பு மாத்திரை பற்றித் தூண்டில்காரரும் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலும் தசைநோவும் வந்தால், சேற்றில் நின்றதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வீட்டில் ஒரு தடை இருக்கும். “குளத்து மீனா? சேத்து மணம்” என்று உம்மாமார் முகத்தைச் சுளிப்பார்கள். அந்த மணம் கற்பனை அல்ல. நீரிலுள்ள சில நுண்ணுயிர்கள் சுரக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அது. மழை விழுந்த மண்ணில் எழும் வாசமும் அதே பொருளால்தான். அது கொழுப்பிலும் தோலிலும் தங்கும், புளிப்புப் பட்டால் சிதையும். வெட்டிய துண்டுகளைத் தேசிக்காய்ச் சாற்றிலோ கரைத்த புளியிலோ அரை மணித்தியாலம் ஊறவிட்டுக் கழுவி, தோலை நீக்கிப் பொரித்தால் பாதித் தடை விலகும். மீதிப் பாதி முட்கள். ரோகுவின் தசைக்குள் இருக்கும் கவர்முட்களுக்கு, நெருக்கமாகக் குறுக்கே கீறி நன்றாக மொறுகப் பொரிப்பதைத் தவிர எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை.

2026இல் நோன்பு மாசியில் தொடங்கி பங்குனியில் முடிகிறது, தண்ணீர் வற்றிக் கெண்டை ஒடுங்கும் அதே நாட்கள். அஸருக்குப் பிறகு தூண்டிலோடு குந்துபவர்களுக்கு நேரம் போவதே தெரியாது. ஆனால் மிதப்பு அமிழும் நேரமும் மஃரிப் பாங்கும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று கிட்டங்கிப் பக்கத்துக் காக்கா ஒருவரிடம் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து இரண்டு ஈத்தம்பழத்தை எடுத்துக் காட்டினார்.