கடைமடைக்கும் வர வேண்டிய பாடம்

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை, தள்ளிப்போனால் சம்பா மட்டும் என்று கணக்குப் போட்டுப் பயிர் வைத்த மண் காவிரி டெல்டா. அந்தக் கணக்கு இப்போது அடிக்கடி தப்புகிறது. நாற்றுவிடத் தண்ணீர் இல்லாத அதே ஆண்டில், கதிர் முற்றும் வேளையில் வயல் மூழ்கிவிடுகிறது. இதைச் சமாளிக்கத் திட்டங்கள் வந்தபடி இருக்கின்றன. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியுடன் 2016-ல் ஒப்புதல் பெற்ற வெண்ணாறு உபவடிநிலத் திட்டம் அவற்றில் ஒன்று. திட்டம் முடிந்தால் அறிக்கை வரும். அதிலுள்ள பாடம் உழவரிடம் போய்ச் சேர்ந்து நிலைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சையிலேயே சாட்சி உண்டு.

குத்துக்கு ஒரே நாற்று வைக்கும் நடவு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில் பரவியிருந்தது. பிறகு வழக்கொழிந்தது. 1980-களில் மடகாஸ்கரில் பிரெஞ்சுப் பாதிரியார் ஹென்றி டி லோலானி, இளம் நாற்றை ஒற்றையாக, இடம் விட்டு நட்டு, தண்ணீரைத் தேக்காமலே நல்ல விளைச்சல் எடுத்தார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ல் இதை ஆராயத் தொடங்கி, 2003-04-ல் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் உழவர் வயல்களிலேயே நட்டுப் பார்த்தது. தாமிரபரணியில் எக்டேருக்குச் சராசரியாக 5.6 டன் கண்ட இடத்தில் 7.2 டன் விளைந்தது. நம் ஊரில் மறந்துபோன ஒற்றை நாற்று, திருந்திய நெல் சாகுபடியாகக் கடல் கடந்து திரும்பி வந்தது.

இந்த முறையின் உயிர்நாடி, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் போதும். ஓரடி நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்குமாறு வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயக் கூடாது. மண்ணுக்குள் காற்று புகுவதால் மீத்தேன் உருவாக்கும் நுண்ணுயிர்களின் வேலையும் குறைகிறது.

ஆனால் பம்புசெட் குறுவையில் பலிப்பது, ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் இல்லாத கடைமடைச் சம்பாவில் பலிக்காது. பதினான்கு நாள் நாற்று அங்கே மூழ்கி அழுகும். வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 ரகத்துக்கும் எல்லை உண்டு. இளம்பயிர் ஏறத்தாழ இரண்டு வாரம் முழுகிக் கிடந்தாலும் அது பிழைக்கும். முற்றிய கதிர் தை மழையில் சாய்ந்தால் அதனால் காப்பாற்ற முடியாது. எந்த மண், எந்தப் பட்டம், எத்தனை நாள் தண்ணீர், எத்தனை ஆள்கூலி என்பதைச் சொல்லாமல் விளைச்சலை மட்டும் சொல்லும் அறிக்கை அடுத்த உழவரை ஏமாற்றிவிடும். தோற்ற வயலின் கதையும் அதே அக்கறையோடு எழுதப்பட வேண்டும்.

பாடத்தைப் பகிரும் வழியையும் டெல்டாவே காட்டியிருக்கிறது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். பாரம்பரிய விதை இரண்டு கிலோ வாங்கிப் போகிறவர், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதையோடு, அது எந்த வயலில் எப்படி வந்தது என்ற அனுபவமும் கைமாறியது. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் மீட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் உழவர் கையில் இருக்கின்றன.

அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு தகவமைப்புத் திட்டத்திலும் ஒரு பங்கு நிதியைப் பதிவுக்கென்று ஒதுக்குங்கள். பலித்ததையும் பலிக்காததையும் எளிய தமிழில் ஊர்வாரியாக எழுதி, வேளாண் விரிவாக்க மையத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் வையுங்கள். திட்டம் முடிந்து சில பருவம் கழித்து அதே வயலுக்குப் போய், அந்த முறை இன்னும் நடைமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள். மக்கள் பணத்தில் கற்ற பாடம் மக்களுக்கே சொந்தம்.