வெளியே ஒரு மூளை

மூக்குக்குக் கீழே, மேலுதட்டின் நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். சின்னதாய் ஒரு பள்ளம் தட்டுப்படும். அந்தப் பள்ளம் சரியாக அமையுமா என்பது கரு உருவான மூன்றாவது வாரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அப்போது கரு கடுகளவுதான், சுமார் 2 மில்லிமீட்டர். தாய்க்கு மாதவிலக்கு தள்ளிப்போய் ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. தான் கர்ப்பமாக இருப்பதே பலருக்குத் தெரியாத நேரம் அது.

முகமும் முன்மூளையும் பக்கத்துப் பக்கத்தில், ஒன்றையொன்று வழிநடத்தியபடி உருவாகின்றன. மூளையாக மாறப்போகும் திசுவின் விளிம்பிலிருந்து சில செல்கள் கிளம்பி, முன்பக்கமாக நகர்ந்து, முகத்தின் எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் ஆகின்றன. நரம்பு முகட்டுச் செல்கள் என்று இவற்றுக்குப் பெயர். மது பட்டால் சாகும் செல்களில் இவை முன்வரிசையில் நிற்கின்றன. அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ஆய்வாளர் கேத்லீன் சூலிக் 1981-இல் சினை எலிகளுக்கு ஏழாம் நாளில் மட்டும் மது செலுத்தினார். பிறக்கவிருந்த குட்டிகளின் கண் சிறுத்து, மேலுதட்டுப் பள்ளம் மழுங்கிப்போயிருந்தது. பிறகு சூசன் ஆஸ்ட்லி என்ற ஆய்வாளர் குரங்குகளில் இந்தப் பாதிப்பு நேரும் காலத்தைத் தேடினார். கருவின் 19, 20-ஆம் நாட்கள் என்று தெரியவந்தது. இரண்டே நாட்கள்!

இதிலிருந்து ஒரு விஷயம் புலப்படுகிறது. அந்தச் சில நாட்களில் தாய் குடிக்காமல், அதற்கு முன்போ பின்போ குடித்திருந்தால், குழந்தையின் முகம் எல்லோர் முகத்தையும் போலவே இருக்கக்கூடும். மூளையோ ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் காயம் முகத்தில் எழுதப்படுவதில்லை. கருவில் மதுவால் பாதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முகக்குறிகள் கிடையாது.

இந்தப் பாதிப்புகள் அனைத்துக்கும் சேர்த்துக் கருக்கால மதுப் பாதிப்புக் கோளாறுகள் என்று பெயர், மருத்துவர்கள் எஃப்.ஏ.எஸ்.டி. என்பார்கள். பிரான்சின் நாந்த் நகரில் பால் லெமுவான் என்ற குழந்தை மருத்துவர் 1968-இல் 127 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் தங்கள் குழுவோடு 'லான்செட்' இதழில் எழுதியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 6,30,000 குழந்தைகள் இந்தப் பாதிப்போடு பிறப்பதாகக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். நாளொன்றுக்கு 1,700-க்கும் மேல். உலக சராசரிப்படி, 1,000 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்.

கள்ளோ, பீரோ, பிராந்தியோ, உள்ளே இருப்பது எத்தனால் என்ற ஒரே பொருள்தான். அதன் மூலக்கூறு மிகச் சிறியது. நச்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. சிறிது நேரத்தில் தாயின் ரத்தத்தில் உள்ள அளவு கருவின் ரத்தத்திலும் வந்துவிடுகிறது. அதை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் கருவின் கல்லீரலுக்கு இன்னும் வரவில்லை. பனிக்குடநீரிலும் மது தேங்குகிறது. கரு அந்த நீரை மறுபடி விழுங்குகிறது.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் உண்டு. அவற்றில் மிகப் பல, குழந்தை பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. கர்ப்ப காலம் முழுவதற்கும் பிரித்துக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்குப் பல்லாயிரம்! செல்கள் உருவானால் மட்டும் போதாது. ஒவ்வொன்றும் தன் இடம் தேடி நகர வேண்டும், உரிய செல்லைக் கண்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டுவதற்கு உதவும் புரதங்களில் ஒன்று எல்-1. அதன் மரபணுவில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளின் மூளையும், மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் மூளையும் சில இடங்களில் ஒன்றுபோலச் சிதைந்திருந்தன. பாஸ்டனைச் சேர்ந்த மைக்கேல் சார்னஸ் இந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போனார். ஒரு கோப்பை மது குடித்தால் ரத்தத்தில் சேரும் அளவே, ஆய்வகத்துச் செல்களில், எல்-1 புரதத்தின் ஒட்டும் வேலையைக் கெடுத்தது. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் சுமார் 20 கோடி நரம்பிழைகளாலான கார்பஸ் கலோசம் சிலருக்கு மெலிந்திருக்கிறது. சிலருக்கு இல்லவே இல்லை.

இப்படிப்பட்ட மூளையோடு பள்ளிக்கு வரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். "புத்தகத்தை எடு, நாற்பத்திரண்டாம் பக்கம் திருப்பு, மூன்றாம் கணக்கைப் போட்டுவிட்டு நோட்டை மேசையில் வை" என்கிறார் ஆசிரியர். கேட்டதைச் சில நொடிகள் மனத்தில் ஏந்தி வைத்திருக்கும் செயல்நினைவு இந்தப் பிள்ளைக்கு மிகக் குறைவு. புத்தகத்தை எடுத்துவிட்டு விழித்துக்கொண்டு நிற்கும். திங்கட்கிழமை ஒப்பித்த வாய்ப்பாடு செவ்வாய்க்கிழமை போன இடம் தெரியாது. வியாழக்கிழமை திரும்பி வரும். நேற்றுத் தெரிந்தது இன்று எப்படித் தெரியாமல் போகும்? வேண்டுமென்றே செய்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள்.

குழப்பத்தைக் கூட்டுவது பேச்சுத் திறன். இந்தத் துறையில் பயிற்சி தருபவர்களிடம் ஒரு வரைபடம் புழக்கத்தில் இருக்கிறது. உடலுக்கு 18 வயதான ஒருவர், 20 வயதுக்காரரைப் போலச் சரளமாகப் பேசுவார். பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வதிலோ ஆறு வயதுப் பிள்ளை. காசு, நேரம் பற்றிய கணிப்பில் எட்டு வயது. நன்றாகப் பேசுகிறாரே என்பதை வைத்து எல்லாம் விளங்கியது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பிலிருந்துதான் திட்டும் அடியும் தொடங்குகின்றன. முடியாமையை அடம் என்று எண்ணித் தண்டிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

இது அடமல்ல, முடியாமை என்று புரிந்துகொள்வதுதான் உதவியின் தொடக்கம். குழந்தை மருத்துவர் ஸ்டெர்லிங் கிளாரன் அந்த உதவிக்கு வெளிமூளை என்று பெயர் கொடுத்தார். உள்ளே செயலிழந்திருக்கும் திட்டமிடும் பகுதியின் வேலையை வெளியிலிருந்து ஒரு மனிதரும், ஒரு வழக்கமும், ஒரு படமும் செய்துகொடுப்பது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தவரான டயன் மால்பின் இதே எண்ணத்தை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுத்தார். பிள்ளையை மாற்றுவதற்காக முட்டி மோதாமல் சுற்றுப்புறத்தை மாற்று என்பது அவர் வழி. நான்கு கட்டளைகளைச் சேர்த்துச் சொல்லாமல் ஒன்றைச் சொல்லி, முடிந்தபின் அடுத்ததைச் சொல்வது. காலையில் பல் துலக்குவதிலிருந்து பையை மாட்டுவதுவரை படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுவது. மினுக்கும் டியூப்லைட்டையும் இரைச்சலையும் தவிர்த்து ஒரு மூலையை ஒதுக்கித் தருவது. "ஒழுங்காக இரு" என்று சொன்னால் புரியாது; "கையை மடியில் வை" என்றால் புரியும். கேட்க எளிதாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும், மாறாமல், சலிக்காமல் செய்வதுதான் பெரிய பாடு. அதைச் செய்யும் அம்மாக்கள், பாட்டிகள், வளர்ப்புப் பெற்றோருக்கு ஓய்வு ஏற்பாடு செய்து தருவதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

வெளியிலிருந்து தரும் உதவி உள்ளே போய்ச் சேருமா? சேர்கிறது. உடலை ஓர் எஞ்சினாகப் பாவித்து, அது இப்போது வேகமாக ஓடுகிறதா, மந்தமாக இருக்கிறதா, சரியாக இருக்கிறதா என்று பிள்ளையே கவனித்துச் சொல்லவும், நிதானத்துக்குக் கொண்டுவரவும் கற்பிக்கும் பயிற்சி ஒன்று உண்டு. டொரன்டோ ஆய்வாளர்கள் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 12 வாரம் இதைக் கற்பித்துவிட்டு அவர்கள் மூளையைப் படமெடுத்தார்கள். தன்னடக்கத்தோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதியில் சாம்பல்நிறத் திசு கூடியிருந்தது. ஆய்வு வெளியான ஆண்டு 2015. அட்லான்டாவில் ஜூலி கேபிலும் கிளேர் கோல்ஸும் கணக்குக்கென ஆறு வாரத் தனிப்பயிற்சி வகுத்தார்கள். நின்று திட்டமிடு, செய், செய்ததைத் திரும்பிப் பார் என்பது அதன் ஓட்டம். பிள்ளைகள் முன்னேறினார்கள்; மாதங்கள் கழிந்தும் அந்த முன்னேற்றம் நிலைத்தது. முட்டை மஞ்சள்கருவில் நிறைய உள்ள கோலின் என்ற சத்தை மின்னசோட்டாவில் மழலைகளுக்கு ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்ததில் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் நினைவாற்றலில் பலன் தெரிந்தது. சிறிய ஆய்வுதான், மருந்து என்று சொல்ல இன்னும் காலமிருக்கிறது.

இவையெல்லாம் கிடைக்க, முதலில் பாதிப்பு என்னவென்று தெரிய வேண்டும். சியாட்டில் உளவியலாளர் ஆன் ஸ்ட்ரெய்ஸ்குத் 415 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டார். பத்தில் ஒன்பது பேருக்கு மனநலச் சிக்கல். 12 வயதைக் கடந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் சட்டத்தோடு மோதியிருந்தார்கள். ஏறத்தாழ அதே விகிதத்தினருக்குப் பள்ளிப்படிப்பு தடைபட்டிருந்தது. இவை மது நேரடியாகச் செய்த கேடுகள் ஆகா. புரிந்துகொள்ளாத உலகம் பின்னால் சேர்த்தவை. ஆறு வயதுக்குள் கண்டறியப்பட்டு, நிலையான அன்பான வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் துன்பங்கள் கணிசமாகக் குறைந்திருந்தன. இன்னொன்றும் தெரிந்தது. பெரும்பாலோரின் நுண்ணறிவு ஈவு 70-க்கு மேல் இருந்ததால், அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான உதவிகள் எவையும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தின் டெய்னா போரா சாட்சி. 1992-இல் ஆக்லாந்தில் நடந்த ஒரு கொலை தொடர்பாக 17 வயதில் அவரை விசாரித்தார்கள். வழக்கறிஞர் உடனில்லாமல் நான்கு நாள் கேள்விகள். அவர் ஒப்புக்கொண்டார். கொலை நடந்த வீடு எது என்றுகூட அவரால் காட்ட முடியவில்லை; ஆனாலும் ஒப்புதல் வாக்குமூலம் நின்றது. இந்தப் பாதிப்பு உள்ளவர்களின் நினைவில் ஓட்டை விழும்போது, கேட்பவரின் வார்த்தைகளையே எடுத்து மூளை அதை அடைத்துவிடுகிறது. புனைநினைவு என்பார்கள். அதில் ஏமாற்று எண்ணம் கிடையாது. சொல்பவரும் அதை நம்புகிறார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் சிறையிலிருந்த பிறகுதான், அவருக்கு இந்தப் பாதிப்பு இருப்பதை வல்லுநர்கள் எடுத்துரைக்க, லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் தண்டனையை ரத்து செய்தது. அந்தக் கொலைக்காக வேறொருவருக்கு 2019-இல் தண்டனை கிடைத்தது.

அதே 2019-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் இந்தப் பாதிப்பு உள்ளவர்களுக்கென்றே ஒரு தனி நீதிமன்ற அமர்வு தொடங்கியது. அமைதியான அறை, எளிய சொற்கள், நிபந்தனைகளைப் படமாக விளக்கும் முறை. "மாலை ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும்" என்று ஆணையிடும் முன், இவருக்கு மணி பார்க்கத் தெரியுமா என்று யோசிக்கும் நீதிமன்றம்.

தாய்மாரையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். உலகில் நிகழும் கருத்தரிப்புகளில் கிட்டத்தட்ட பாதி திட்டமிடாதவை. கடுகளவுக் கரு உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தவரைக் குற்றவாளியாக்கினால், அவர் மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல மாட்டார். குழந்தைக்கு என்ன ஆனதென்றும் தெரியாமல் போகும். சியாட்டிலில் 1991-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், மதுவோடு போராடும் தாயின் வீட்டுக்கு ஒரே உதவியாளர் மூன்று ஆண்டுகள் போய் வருகிறார். பழி பேசுவதில்லை. சிகிச்சை, வீடு, குடும்பக் கட்டுப்பாடு என்று எது தேவையோ அதற்குத் துணை நிற்கிறார். இன்று கனடாவிலும் இது நடக்கிறது. பிறக்கப்போகும் அடுத்த பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த காப்பு இருக்க முடியாது.

பாதிப்போடு வாழ்பவர்கள் இப்போது தாங்களே பேசுகிறார்கள். கனடாவின் ஆர்.ஜே. ஃபார்மனெக் 2013-இல் ஒரு மாநாட்டுக்குச் சிவப்புக் காலணி அணிந்து போனார். அது ஓர் இயக்கமாகி, 1999 முதல் அனுசரிக்கப்படும் செப்டம்பர் 9 விழிப்புணர்வு நாளில் பல நாடுகளில் மக்கள் சிவப்புக் காலணி அணிகிறார்கள். ஒன்பது மாதமும் மது வேண்டாம் என்பதற்காக ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள்.

நம் நாட்டில்? அமெரிக்க பாட்டில்களில் 1989 முதல் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை அச்சாகிறது. இந்திய பாட்டில்களில் கட்டாயமாக்கப்பட்டுள்ள எச்சரிக்கை, உடல்நலக் கேட்டையும் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதையும் பற்றியது. கருவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அவற்றில் எஃப்.ஏ.எஸ்.டி.யின் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் அந்தப் பெயரில் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதுகூடக் கடினம். அந்தச் சட்ட அட்டவணையின் கடைசி வரி, புதிய வகைகளை அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தி இந்தப் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.